தூக்கத்தூள்

ஜூன் 8, ஞாயிறு

சாரல் பிடித்துவிட்டது. இலஞ்சி முழுக்கக் காலையிலிருந்து நசநசவென்று ஈரம். துணி காயாது, அப்பளம் நமத்துப்போகும், ஆனால் காளானுக்கு இதுதான் கல்யாண மாதம். அத்தான் விடிந்ததும் குளித்துவிட்டு வேறு லுங்கி கட்டிக்கொண்டு காளான் கொட்டகைக்குள் போனவர், பத்து மணிக்கு மேல்தான் சாப்பிட வந்தார். குளிக்காமல் உள்ளே போனால் வேறு பூஞ்சை ஏறி, பையெல்லாம் பச்சை பிடித்துவிடுமாம். கோயிலுக்குக்கூட இந்த மனிதர் இத்தனை சுத்தமாகப் போனதில்லை.

ரைஸ் மில்லை மூடியபோது அத்தானுக்கு வேலையோடு தூக்கமும் போனது. கண்ணைத் திறந்துகொண்டு விட்டத்தைப் பார்த்துக் கிடப்பார். மாத்திரை போட்டால் மறுநாள் பூராவும் மந்தமாக இருப்பார். புளியரையில் அவருடைய மில் சிநேகிதர் ஒருவர்தான் ரெய்ஷி காளான் பொடி கொடுத்தார். வெதுவெதுப்பான பாலில் கலக்கிக் குடிக்க வேண்டும். வேப்பங்கொழுந்தை அரைத்த மாதிரி கசப்பு. கொஞ்ச நாள் கழித்து ஒரு ராத்திரி பக்கத்தில் குறட்டைச் சத்தம் கேட்டது. அதைக் கேட்டு நான் அழுதேன். குறட்டைக்காக அழுத பெண்டாட்டி ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அப்புறம் என்ன, பயிற்சிக்குப் போனார், படித்தார், படுக்கையறையின் பின்சுவரை ஒட்டி ஓலையும் பிளாஸ்டிக் ஷீட்டுமாகக் கொட்டகை போட்டார். ரப்பர் மரத்தூள் அடைத்த பைகளில் சிவப்பு வார்னிஷ் அடித்த மாதிரி காளான் வரும். நறுக்கிக் காயவைத்து அரைத்துப் பொட்டலம் போடுவது என் வேலை. ‘தூக்கத்தூள்’ என்று பேர் வைத்ததும் நான்தான். உண்மையிலேயே தூக்கம் தருமா என்று சிலர் கேட்கிறார்கள். விஞ்ஞானம் எனக்குத் தெரியாது. வாங்கினவர்கள் மறுபடி வருகிறார்கள்.

இப்போது கொச்சியில் ஒரு மாத்திரைக் கம்பெனி வேறு ஒன்று கேட்கிறது. காளான் முற்றியதும் தானாகவே பழுப்பாக ஒரு தூளை உதிர்க்கும், முகப்பவுடரைவிட மெல்லிசாக. அதுதான் விதை. அதற்குக் காளானைப் போலப் பல மடங்கு விலை. ஆனால் கொட்டகையில் காற்று வெளியே போக வைத்த ஃபேன் பாதியை இழுத்துத் தோட்டத்தில் கொட்டிவிடுகிறது.

“அந்த ஃபேன நிறுத்தினா என்ன?” என்று கேட்டேன்.

“ஏளா உலகு, ஒனக்கும் மூள இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரியுது” என்றார் அத்தான். இந்த வீட்டில் எனக்குக் கிடைக்கிற பாராட்டு இப்படித்தான் இருக்கும்.

ஜூன் 11, புதன்

ஃபேனை நிறுத்தியாயிற்று. பழைய வேட்டிகளைச் சுற்றிக் கட்டி, ஓட்டையெல்லாம் அடைத்தோம். ஒரு துளி வீணாகாது.

ஜூன் 21, சனி

அத்தான் கொட்டகையிலிருந்து வந்த கோலத்தைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. தலை, புருவம், காதுமடல் எல்லாம் பழுப்பு. மஞ்சத்தண்ணி ஊற்றப்பட்ட முறைமாப்பிள்ளை மாதிரி நின்றார். பெயிண்ட் அடிக்கிற மெல்லிய பிரஷ்ஷால் ஒவ்வொரு காளானின் முதுகிலிருந்தும் தூளைத் தள்ளிக் கண்ணாடி ஜாடியில் சேர்க்கிறார். மாஸ்க் போட்டால் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்து கண் தெரியவில்லையாம், கழற்றிவிட்டார்.

தும்மினார். “மெதுவாத் தும்முங்க, தூள் பறந்துறப் போவுது” என்றேன்.

சாயங்காலம் லேசாகக் காய்ச்சல். சாரலில் நனைந்தால் வராமல் என்ன செய்யும்? பாலில் ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டுக் கொடுத்தேன்.

ஜூலை 3, வியாழன்

இருமல் விடவில்லை. சாயங்காலமானால் காய்ச்சல், காலையில் ஒன்றும் இல்லை. தென்காசியில் டாக்டரிடம் போனோம். சளியைப் பரிசோதித்து டிபி இல்லை என்றார்கள். ரிசல்ட் வரும்வரை நான் திருமலைக் குமரனுக்கு முடி நேர்ந்துகொண்டிருந்தேன், அத்தானுடைய முடியைத்தான்.

டாக்டர் என்ன வேலை என்று கேட்டார். இவர் பொடி, லேகியம் என்றாலே நோயாளியைத் திட்டுகிறவர். போன தடவை ஒரு கிழவரைக் கஷாயம் குடித்ததற்காக எல்லார் முன்னாலும் வைது தீர்த்தார். அத்தான் வாயைத் திறக்குமுன் “வியாபாரம் சார்” என்றேன். பொய் இல்லையே, விற்கத்தானே செய்கிறோம்.

ஜூலை 14, திங்கள் (தூத்துக்குடி)

அத்தானுடைய தங்கை வடிவு வீட்டில் இருக்கிறோம். அவள் சின்னப்பிள்ளைகள் ரெண்டுக்கும் காதுகுத்து. வந்த ரெண்டாம் நாளே அத்தானுக்கு இருமல் அடங்கிவிட்டது. காய்ச்சலும் வரவில்லை. மொட்டைமாடிக்கு நாற்காலி சுமந்து ஏறினார். பந்தியில் ரெண்டு தரம் சோறு வாங்கினார்.

“அண்ணனுக்கு எங்க ஊர்க் காத்துதான் ஒத்துக்கிடுது மதினி. இங்கயே விட்டுட்டுப் போங்க” என்றாள் வடிவு.

“விட்டுட்டுப் போறேன், சோத்துக்கு அரிசி அளந்து ஒனக்குக் கட்டுப்படியாகாது” என்றேன். உப்புக் காற்று நெஞ்சுச் சளியை அறுக்கும் என்று எல்லாரும் சொல்லுகிறார்கள். அப்படித்தான் இருக்கும்.

ஜூலை 17, வியாழன்

ஊருக்கு வந்தாயிற்று. முற்றின காளான் தூளைக் கொட்டிவிட்டுக் காத்திருந்தது. அத்தான் பகல் பூராவும் கொட்டகையில்.

ஜூலை 18, வெள்ளி

நேற்று சாயங்காலத்திலிருந்து மறுபடி காய்ச்சல், குளிர், மூச்சு இரைப்பு. பஸ் பயணம் ஒத்துக்கொள்ளவில்லை.

ஜூலை 26, சனி

இன்று அத்தான் என்னிடம் நடந்துகொண்டதை எழுதாமல் தூங்கமாட்டேன். மனிதர் இரைத்துக்கொண்டு கிடக்கிறாரே என்று குளித்து, ஈரத்தலையை முடிந்துகொண்டு, நானே பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு கொட்டகைக் கதவைத் திறந்தேன். பின்னாலேயே வந்து என் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். இழுத்த வேகத்தில் வளையல் உடைந்தது.

“உள்ள கால வைக்காதன்னு எத்தன தடவ சொல்லுதது? பை பூரா கெட்டுப்போச்சுன்னா நீயா பதில் சொல்லுவ?”

“நானும் குளிச்சிட்டுத்தான் வாரேன்.”

“குளிச்சாலும் வேண்டாம். என்னைக்கும் வேண்டாம். கோட்டி பிடிச்சவளே, போ அங்கிட்டு.”

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் மேல் கைவைத்ததில்லை. ராத்திரி பால் கலக்கிக் கொடுக்காமல் படுத்துவிட்டேன். அவராகவே எழுந்து கலக்கிக் குடித்தார். தூங்கினாரா என்று தெரியாது. நான் திரும்பிப் படுத்திருந்தேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

சட்டையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. பேசும்போது நடுவில் நிறுத்தி மூச்சு வாங்குகிறார். சண்டை போடக்கூட முழு வாக்கியம் வரவில்லை, எனக்கும் சண்டை ருசிக்கவில்லை.

தென்காசி டீச்சரம்மா போன் செய்தார். தூக்கத்தூள் குடித்து ஒரு மாதமாக நன்றாகத் தூங்குகிறாராம். “ஒங்க வீட்டுக்காரர் கைக்குத் தங்கக் காப்பு போடணும்மா” என்றார். அத்தானிடம் சொன்னேன். சிரித்தார், சிரிப்பு இருமலாகி, பாத்ரூம் வரை பிடித்துக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மறுபடி டாக்டர். இந்தத் தடவை எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு வரிசையாகக் கேள்வி.

“கோழி, புறா வளக்கீங்களா?”

“இல்ல சார்.”

“பஞ்சு மில்லு, கல்குவாரி, சிமெண்ட்?”

“அங்கெல்லாம் போறதே கிடையாது சார்.”

“வேற ஏதாவது தூசிக்குள்ள நிக்கிற வேலையா?”

இல்லை என்றேன். விளக்குமாற்றால் கூட்டி வெளியே கொட்டுகிறதுதான் தூசி. நாங்கள் பிரஷ்ஷால் தள்ளி ஜாடியில் மூடி வைக்கிறோம், காசு கொடுத்து வாங்கி மாத்திரையாக விழுங்குகிறார்கள், அதைப் போய் யாராவது தூசி என்பார்களா? டாக்டர் அத்தானைப் பார்த்தார். அத்தான் என்னைப் பார்த்தார். அப்புறம் சுவரில் தொங்கின காலண்டரைப் பார்த்தார்.

பெரிய பெரிய மாத்திரையாகக் கொடுத்திருக்கிறார். சரியாகவில்லை என்றால் திருநெல்வேலிக்குப் போகச் சொன்னார்.

ஆகஸ்ட் 20, புதன்

அத்தான் படுத்திருந்த நேரம் கொட்டகை ஓரமாகப் போய் நின்று, வேட்டித் துணிக்கு முகத்தைக் கொடுத்து, நன்றாக மூச்சை இழுத்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

கொச்சிக்கு ஜாடிகள் போயின. இன்னும் வேண்டுமாம். ஃபேனைப் போட்டுவிடலாமா என்று அத்தானிடம் கேட்டேன். “இந்த ஒரு அறுப்பு முடியட்டும்” என்றார். நானும் வற்புறுத்தவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய் (திருநெல்வேலி)

நேற்று மத்தியானம் கொட்டகை வாசலில் உட்கார்ந்தபடியே சாய்ந்துவிட்டார். உதடு நாவல்பழம் தின்ற மாதிரி நீலம். பக்கத்து வீட்டுக்காரர் காரில் தென்காசிக்குப் போய், அங்கே ஆக்சிஜன் வைத்து, திருநெல்வேலிக்கு அனுப்பிவிட்டார்கள். வழியெல்லாம் அவர் கையைப் பிடித்துக்கொண்டே வந்தேன். எனக்கு இந்த மனிதர் வேண்டும். வேறு எதுவும் எழுத ஓடவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி (திருநெல்வேலி)

இங்கே நெஞ்சு நோய்க்கு ஒரு லேடி டாக்டர், பல்கீஸ் என்று பேர். அதிகம் பேசவில்லை. அத்தான் கையை எடுத்து நகத்தைப் பார்த்தார், பிறகு காதுமடலின் பின்பக்கம். அங்கே நான் எவ்வளவு துடைத்தும் போகாத பழுப்புக் கறை.

“இது என்னம்மா?”

இனிமேல் என்ன சொல்ல முடியும்? எல்லாவற்றையும் சொன்னேன். மரத்தூள், காளான், பழுப்புத் தூள், பிரஷ், கட்டிவைத்த வேட்டிகள். ஃபேனை நிறுத்தியதை மட்டும் கடைசியில் சொன்னேன். யார் நிறுத்தச் சொன்னது என்று அவர் கேட்கவில்லை.

வராண்டாவுக்குக் கூட்டிப்போய்ப் பொறுமையாக விளக்கினார். காளானைச் சாப்பிடுவது வேறு, அதன் தூளை மூச்சில் இழுப்பது வேறு. சில பேர் நெஞ்சு அந்தத் தூளை எதிரியாக நினைத்து, அதோடு சண்டை போட்டே புண்ணாகிவிடுமாம். எல்லாருக்கும் வராது. வந்தவர் அந்தத் தூளை விட்டு ஒதுங்கினால் தானாகவே அடங்கும்.

“வெளியூர் போனப்ப நல்லா இருந்தாரா?” என்று கேட்டார்.

“ஆமா.”

“அப்பவே கூட்டிட்டு வந்திருந்தீங்கன்னா முழுசாச் சரி பண்ணியிருக்கலாம்மா. இப்ப நுரையீரல்ல பாதிக்கு மேல தழும்பாயிட்டு. மிச்சத்தக் காப்பாத்தணும். அந்த வீட்டுக்கு அவர் திரும்பிப் போகக் கூடாது. அந்தத் தூள் பட்ட எதுவும் அவர் பக்கத்துல வரக் கூடாது. இன்னொரு தடவ தாங்கமாட்டார்.”

வராண்டாவில் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினேன், கழுவிக்கொண்டே இருந்தேன். பின்னால் நின்ற அம்மாள் “தண்ணி வீணாப் போவுது” என்று சத்தம் போட்டாள்.

செப்டம்பர் 13, சனி

அத்தானிடம் எப்படிச் சொல்ல என்று ராத்திரி பூராவும் ஒத்திகை பார்த்தேன். காலையில் சாதாரணமாகச் சொல்லுகிற மாதிரி, “கொட்டகைதான் காரணமாம்” என்றேன்.

ஆக்சிஜன் மாஸ்கை விலக்கிக்கொண்டு, “தெரியும்” என்றார்.

“எப்பத்துல இருந்து?”

“தூத்துக்குடில இருந்து வந்த அன்னைக்கே. உள்ள போனேன். கொஞ்ச நேரத்துல நெஞ்ச அடச்சிட்டு. அதான் ஒன்னய உள்ள விடல.”

“எங்கிட்டச் சொன்னா என்ன?”

“ஒனக்குந்தான் தெரியுமே உலகு. டாக்டர்ட்ட நீயும் சொல்லலயே.”

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் மேலா, என் மேலா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. வார்டென்றும் பாராமல் கேட்டேன்: “உசிரவிடப் பெருசா அந்தத் தூளு?”

மூச்சு வாங்கி, வாங்கி, துண்டு துண்டாகச் சொன்னார். “தூளு இல்லளா. மில்ல மூடின அன்னைக்கி தூக்கம் போச்சு. இதையும் மூடிட்டா, மறுபடி அப்படிக் கண்ணத் தொறந்துட்டுக் கெடக்கணுமேன்னு பயந்துட்டேன். சாவுக்குக்கூட அவ்வளவு பயம் இல்ல.”

மத்தியானம் இட்லி ஊட்டினேன், ஒன்றரை சாப்பிட்டார்.

செப்டம்பர் 24, புதன்

வடிவு வீட்டு மாடி அறையில் அத்தானை விட்டுவிட்டு இலஞ்சிக்கு வந்திருக்கிறேன். ஆக்சிஜன் மெஷின் வாடகைக்கு எடுத்து வைத்திருக்கிறது. கொட்டகையையும் வீட்டையும் நான் ஒழிக்க வேண்டும்.

முகத்தில் துணி கட்டிக்கொண்டு பைகளை நனைத்து நனைத்துக் குழியில் தள்ளினேன். நன்றாகக் காய்த்திருந்தது. சிவப்பாக, பளபளவென்று, யாரோ ஆசையாக வளர்த்த பிள்ளைகள் மாதிரி. ஒவ்வொன்றையும் மண்வெட்டியால் வெட்டினேன். மிச்சமிருந்த ஜாடியைச் சாக்கடையில் கவிழ்த்தேன்.

அக்டோபர் 3, வெள்ளி

படுக்கையறைச் சுவர் விரிசல் வழியாக உள்ளேயும் வந்திருக்கிறது. பீரோவின் மேல் விரலை வைத்தால் பழுப்பு. துணியெல்லாம் வெந்நீரில் ஊறவைத்துத் துவைக்கிறேன். கை வெந்துவிட்டது. அத்தானுடைய வேட்டி சட்டையை மூன்று தண்ணீரில் அலசினேன்.

அக்டோபர் 10, வெள்ளி

வடிவு போன் பண்ணினாள்.

“மதினி, அண்ணன் ராவெல்லாம் உக்காந்தே கெடக்கு. கண்ண மூட மாட்டேங்கு. ஒங்க பொடியும் இப்ப குடுக்கக் கூடாதுன்னுட்டாங்க. எங்க வீட்டுத் தலவாணி கல்லு மாதிரி இருக்காம். அங்க இருக்க அதோட தலவாணியக் கேக்கு, கொண்டாங்களேன்.”

போனை அத்தானிடம் கொடுக்கச் சொன்னேன். “தலவாணி” என்றார். ஒரு வார்த்தைதான் வந்தது. இந்த மனிதர் என்னிடம் இதுவரை ஒன்றும் கேட்டதில்லை, எனக்குப் புடவை, நகை என்று வாங்கிக் கொடுத்ததும் இல்லை. கேட்டது இதுதான்.

அக்டோபர் 12, ஞாயிறு

இலவம்பஞ்சுத் தலையணை. அத்தான் அதில் முகத்தைப் புதைத்துக் குப்புறப் படுத்தால்தான் தூங்குவார். உறையைக் கழற்றி வெந்நீரில் போட்டேன். தலையணையைத் துவைகல்லில் வைத்துக் கம்பால் அடித்தேன். முதலில் கொஞ்சம் பறந்தது, அப்புறம் ஒன்றும் இல்லை. பஞ்சைப் பிரித்துப் பார்க்கலாமா என்று நினைத்தேன். பிரித்தால் அந்த மெத்து போய்விடும், பிறகு அவருக்குப் பிடிக்காது. ரெண்டு நாள் நல்ல வெயிலில் போட்டால் போதும். வெயில் எதையும் சுத்தமாக்கிவிடும்.

அக்டோபர் 14, செவ்வாய்

நல்ல வெயில். என் பழைய சுங்குடிச் சேலையில் புது உறை தைத்தேன்.

அக்டோபர் 16, வியாழன் (தூத்துக்குடி)

நேற்று சாயங்காலம் வந்து சேர்ந்தேன். தலையணையைக் கண்டதும் அத்தான் முகத்தில் வந்த களையைப் பார்க்க வேண்டுமே. “பொண்டாட்டி வந்ததுக்குக்கூட இந்தச் சிரிப்பு இல்ல” என்றேன். “ஒன்னய எப்படித் தலைக்கு வைக்க?” என்றார். வடிவு வெட்கப்பட்டுக் கீழே போய்விட்டாள்.

சீக்கிரமே படுத்தார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பல வாரம் கழித்துப் படுக்கையில் சாய்ந்து, மூக்கில் குழாய் இருந்ததால் ஒரு பக்கமாகத் திரும்பி, கன்னத்தைப் பதித்துத் தூங்கினார். பிள்ளைகள் தீபாவளிக்கு முன்கூட்டியே தெருவில் வெடித்துக்கொண்டிருந்தார்கள், அதற்கும் அசையவில்லை. நான் பக்கத்தில் பாய் போட்டு அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

விடியுமுன் உடம்பு தூக்கிப் போடுகிற மாதிரி குளிர், காய்ச்சல். மெஷினை முழுசாகத் திருகியும் மூச்சு எட்டவில்லை. ஆம்புலன்ஸில் இங்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறோம். உள்ளே விடவில்லை, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அக்டோபர் 17, வெள்ளி

டியூட்டி டாக்டர் சின்னப் பையன்தான், திருநெல்வேலி ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: “நேத்து முந்தாநாளு புதுசா எதுவும் பட்டுச்சா? பழைய வீட்டுல இருந்து ஏதாவது வந்துச்சா?”

“வெடிப் புகை சார்” என்று அழுதாள் வடிவு. “தெருப் பூராவும் வெடி. நாந்தான் ஜன்னலச் சாத்தல.”

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் வடிவைப் பார்த்தேன். வடிவு என் தோளில் சாய்ந்து, “நாந்தான் மதினி, நாந்தான் கொன்னுட்டேன்” என்றாள். அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன்.

அக்டோபர் 18, சனி

அத்தான் போய்விட்டார்.

அக்டோபர் 24, வெள்ளி

எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வடிவு வீட்டு வாசலில் பந்தல் போட்டுக் கிடத்தியிருந்தார்கள். தெருவில் அன்றும் வெடி. வடிவின் கொழுந்தனார் போய்ச் சொல்லிச் சொல்லி நிறுத்தினார். தூக்குகிற நேரத்தில் வடிவு ஓடிப்போய் மாடியிலிருந்து தலையணையை எடுத்து வந்தாள்.

“இத அண்ணன் தலைக்கு வைங்க. கேட்டு வாங்கினது. அதோடயே போட்டும்.”

வைக்கக் குனிந்தவள் கையிலிருந்து பிடுங்கினேன். நான் பிடுங்கிய வேகத்தைப் பார்த்து எல்லாரும் திடுக்கிட்டார்கள். அவர் முகத்தருகில் அது இன்னொரு தடவை போவதை என்னால் பார்க்க முடியாது. அதை வாய்விட்டுச் சொல்லவும் முடியாது.

“விடு வடிவு, புருசன் வாசம் அதுலதான இருக்கு. ஆசப்பட்டு வச்சுக்கிடுதா. கேக்காத” என்றாள் ஒரு கிழவி. பெண்கள் எல்லாரும் அதைக் கேட்டு இன்னும் அழுதார்கள்.

அவரைக் கொண்டுபோன பிறகு வீட்டைக் கழுவிவிட்டார்கள். “உள்ள வாங்க மதினி, தலைக்குத் தண்ணி ஊத்தணும்” என்று வடிவு கூப்பிட்டாள். காது குத்தின சின்னப்பிள்ளைகள் ரெண்டும் ஈரத்தரையில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தன. சின்னது என்னைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டு வந்தது.

வராதே, இதைத் தொடாதே என்றேன். தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தெருவில் இறங்கி, எதிர்ச்சுவர் ஓரமாக வெயிலில் போய் நின்றேன். யார் யாரோ வந்து கையைப் பிடித்து இழுத்தார்கள். நான் உள்ளே போகவில்லை.